கோவளத்தில் ஒரு கரைநாள்

1750ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்துக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டது. ஆபத்தில் இருப்பதாகச் சைகை காட்டியது. கரையிலிருந்து ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். மாலுமிகளில் முக்கால்வாசிப் பேர் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களும் உடனே தரையை மிதிக்காவிட்டால் பிழைக்கமாட்டார்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அங்கிருந்த கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த ஆற்காட்டு நவாபின் அதிகாரி, நல்ல பணம் பெயரும் என்று எண்ணி இறங்கச் சம்மதித்தார். கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக முப்பது பேர் தள்ளாடிக்கொண்டே கோட்டைக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோயை நடித்தார்கள். சிலர் உடைக்குள் ஆயுதம் வைத்திருந்தார்கள். அன்றிரவே காவலாட்களை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றிவிட்டார்கள்.

இதை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம். 1728இல் கேரளக் கரையின் அஞ்சுதெங்கில் பிறந்தவர், சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். அவருடைய போர் வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் தரப்பு ஆள் என்பதால், பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி அவர் சொல்வதைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். அப்படித் தட்டிப் பார்த்த பிறகும் ஒரு விஷயம் நிற்கிறது. கப்பலிலிருந்து ஒரு நாள் கரை இறங்குவது என்ற எளிய வேண்டுகோள், இந்தச் சின்ன மீனவ ஊரின் தலைவிதியை இரண்டரை ஆண்டுகளுக்கு மாற்றியிருக்கிறது.

கப்பல் சுற்றுலா போய்வந்தவர்களுக்குக் கரைநாள் என்றால் என்னவென்று தெரியும். விடியும்போது கப்பல் ஓர் ஊரருகே நிற்கும். இறங்கிப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடவேண்டும். பிரான்சின் தென்கரையில் வில்ஃப்ரான்ஷ், கான் போன்ற ஊர்களில் பெரிய கப்பல்கள் விரிகுடாவிலேயே நின்றுகொள்ள, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். 2025 ஜூலையில் கார்டெலியா கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. கப்பல் ஆழ்கடலில் நின்றது, பயணிகள் படகேறி உப்பளம் துறைமுகத்துக்கு வந்தார்கள். சென்னையில் அந்தச் சிரமம் இல்லை. துறைமுகச் சுவரில் கப்பலைக் கட்டிவிடலாம். இறங்குகிறவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போகிறார்கள். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் கோவளத்துக்குள் ஒரு சாலை பிரிகிறது. பேருந்துகள் பெரும்பாலும் அங்கே திரும்புவதில்லை.

அந்த இடதுபக்கத் திருப்பத்தில் ஒரு முழு நாள் இருக்கிறது. கப்பல் பயணிக்குக் கிடைக்கும் அதே அளவு நேரத்தை, விடியலிலிருந்து மாலை வரை, கோவளத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆவணி மாதத்தில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோவளம் நகரத்துக்காரர்களுடையது. வேலைநாள் கோவளம் ஊர்க்காரர்களுடையது.

பொழுது விடிவதற்கு முன் ஊருக்குள் இறங்கினேன். டீக்கடை திறந்திருந்தது. மணலில் போய் நின்றபோது கிழக்கு வெளுத்து, படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாம் ஃபைபர் படகுகள், பின்னால் மோட்டார் மாட்டியவை. படகு நேராகக் கரைக்கு வருவதில்லை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், படகு நகராது. பின்னால் இருப்பவர் கரையைப் பார்ப்பதில்லை, கடலையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் அடுத்தடுத்து உடைந்து போகும். பிறகு ஒரு கணம் கடல் தணியும். அப்போது மோட்டார் உறுமும், ஓர் அலையின் முதுகிலேயே படகு ஏறி வரும், மணலைத் தொடுவதற்கு அரை நொடிக்கு முன் மோட்டாரைத் தூக்கிவிடுவார். படகு மணலில் தேய்ந்து நிற்கும்போது நாலைந்து பேர் ஏற்கெனவே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்.

வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எப்ப உள்ள வரணும்னு எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டேன்.

“அலய எண்ணுவோம் சார். ஆனா எண்ணிக்கைய மட்டும் நம்புனா படகு கவுந்துடும். காத்து எங்கேர்ந்து வருது, தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது, நேத்து மணல் எங்க கெடந்துச்சு, எல்லாத்தையும் பாக்கணும். மணல் தெனம் எடம் மாறும்.”

“சோழகம் அடிச்சா?”

“சோழகத்துல மத்தியானத்துக்கு மேல கடல் கலங்கிரும். அதுக்குள்ள வந்துடணும். வாடையில இது வேற கடலு சார், இதுவே இல்ல.”

அந்தப் பேச்சைக் கேட்டபின் எனக்கு ஓர்ம் எழுதிய கதையில் ஒரு இடைவெளி தெரிந்தது. கடலில் நின்ற கப்பலுக்கும் கோட்டை வாசலுக்கும் நடுவே இந்த அலை இருந்தது. கப்பலோடு வந்த படகை வைத்துக்கொண்டு இந்த அலையைத் தாண்ட ஐரோப்பிய மாலுமிகள் அஞ்சினார்கள் என்பது அந்தக் காலப் பயணக் குறிப்புகள் பலவற்றில் வருகிறது. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி எல்லாமே திறந்த கரைகள். கப்பல் தொலைவில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் கொண்டுபோக உள்ளூர்ப் படகு வேண்டும், அந்தப் படகை ஓட்ட உள்ளூர் ஆள் வேண்டும். அந்த முப்பது ‘நோயாளிகளும்’ பெரும்பாலும் கோவளத்து ஆட்களின் துடுப்பில்தான் கரை சேர்ந்திருப்பார்கள். கோட்டையின் பெயர், நவாபின் பெயர், கவர்னரின் பெயர் எல்லாம் வரலாற்றில் இருக்கின்றன. படகோட்டிகளின் பெயர் எங்கேயும் இல்லை.

அவர்கள் ஓட்டிய படகைப் பற்றி மட்டும் நிறையக் குறிப்புகள் கிடைக்கின்றன. மசூலா படகு என்பார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தது. ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், அடியை வாங்கிக்கொண்டு மறுபடி நிமிரும். தையலுக்குள் வைக்கோலோ நாரோ அடைத்திருப்பார்கள், அப்படியும் தண்ணீர் கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருப்பார். துடுப்புக்காரர்கள் பாட்டுச் சொல்லி வலிக்க, பின்னால் நிற்கும் தலைவர் நீண்ட துடுப்பால் திசை காட்டுவார். இரண்டு மூன்று வரிசை அலைகளைத் தாண்டவேண்டும். கூடவே கட்டுமரங்கள் போகும், யாராவது தவறிக் கடலில் விழுந்தால் தூக்குவதற்கு. படகு மணலில் தட்டியதும் துரைமார்களையும் துரைசானிகளையும் தோளில் சுமந்து உலர்ந்த மணலில் இறக்குவார்கள். கடல் கொந்தளிப்பால் மசூலா படகு போகமுடியாத நாளில் கட்டுமரக்காரர் ஒருவர் தனியாகக் கப்பலுக்குப் போவார். கடிதங்களை நனையாமல் தலையில் உள்ள கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்வார். கோட்டைகளுக்கு வந்த போர்ச் செய்திகள், லண்டனிலும் பாரிஸிலும் இருந்த முதலாளிகளின் உத்தரவுகள் பலவும் அந்தத் தொப்பிக்குள் வந்தவைதான்.

புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கப்பல் வரவை ஒவ்வொரு முறையும் அக்கறையாகக் குறித்துவைத்தார். எத்தனை குண்டு முழங்கியது, யார் இறங்கினார்கள், என்ன சரக்கு என்று எழுதினார். ஒரு வணிகருக்கு அது வயிற்றுப்பாடு. கப்பல் தென்படும் நாள் கரையில் திருவிழா. அந்தக் கலகலப்பில் கொஞ்சமாவது கோவளத்திலும் இருந்திருக்கும். இந்த ஊருக்கும் ஒரு காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் தேடி வந்தன.

அவற்றை அனுப்பியது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்களின் கம்பெனி. அன்று அந்த நாடு ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722 டிசம்பரில் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் பாங்கிபஜார், தெற்கே கோவளம் என்று இரண்டு இடங்களில் அவர்கள் பண்டகசாலை நடத்தினார்கள். ஐரோப்பிய ஏடுகளில் கோவளம் ‘கபலோன்’, ‘கோப்லோம்’ என்றெல்லாம் வருகிறது. இங்கே வந்த இந்தப் புது வியாபாரிகளை இங்கிலாந்தும் ஹாலந்தும் பொறுத்துக்கொள்ளவில்லை. தூதர்கள் வழியே நெருக்கினார்கள். 1727இல் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731 வியன்னா உடன்படிக்கையில் கம்பெனியையே பேரரசர் கைவிட்டார். தம் மகள் மரியா தெரசாவின் அரியணை உரிமையை இங்கிலாந்து ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது. வியன்னா அரண்மனையின் வாரிசுப் பிரச்சினை கோவளத்துக் கரையில் ஒரு பண்டகசாலையை மூடவைத்திருக்கிறது. இந்த ஊர்க் குழந்தைகளின் பாடப் புத்தகத்தில் இது வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மீன் ஏலம் சூடு பிடித்திருந்தது. கூறு கூறாகக் காணாங்கெளுத்தி, சங்கரா, கொஞ்சம் நெத்திலி, இரண்டு பெரிய வஞ்சிரம். ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, பெண்கள் தலையசைப்பிலேயே வாங்கினார்கள். “சங்கரா பாருங்க சார், இப்பதான் கரை ஏறுனது” என்று ஓர் அக்கா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். நாள் முழுக்கச் சுற்றவேண்டும், கெட்டுப்போகும் என்றேன். “அப்ப மத்தியானம் கடைக்கு வாங்க, கொழம்பு வெச்சிருப்பேன்” என்றார்.

வெயில் ஏறுவதற்குள் கோட்டை இருந்த இடம் நோக்கி நடந்தேன். ஆஸ்டெண்ட்காரர்கள் விட்டுப்போன இடிபாட்டுக்கு அருகே புதுக் கோட்டை கட்டியவர் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான். சாதத் பந்தர் என்று பெயர். அவர் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். ஆற்காடு யாருக்கு என்ற சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபின் பக்கம், ஆங்கிலேயர் அன்வருதீனின் மகன் முகமது அலியின் பக்கம். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு கோட்டை கையில் இருந்தால் ஆங்கிலேயரின் கழுத்துக்கு அருகிலேயே நிற்கலாம். முப்பது நோயாளிகள் நாடகத்துக்கு அதுதான் காரணம். உள்நாட்டில் செங்கல்பட்டுக் கோட்டை, கரையில் கோவளம், இரண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தன.

இன்று அந்த நிலத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி நிற்கிறது. 1974இல் திறந்தார்கள். வெளியே நின்று மதிலைப் பார்த்தேன். சுற்றிலும் சவுக்கு, தென்னை. ஊரில் பலரும் டச்சுக் கோட்டை என்கிறார்கள். டச்சுக்காரர்களின் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது, இன்னும் சுவரும் கல்லறைகளும் நிற்கின்றன, பார்க்கவேண்டிய இடம்.

கோவளக் கோட்டை ஏன் தரைமட்டமானது என்பது 1752 செப்டம்பர்க் கதை. ஆங்கிலக் கம்பெனியின் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் வந்தார். அவருடைய படையில் இருந்தது இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த இருநூறு பேர், புதிதாகச் சேர்த்த சிப்பாய்கள் ஐந்நூறு பேர். போர் பழகாத கூட்டம். கோட்டையிலிருந்து வந்த முதல் தாக்குதலிலேயே சிதறி ஓடினார்கள், ஓர் அதிகாரி செத்தார். பிறகு ஒரு பீரங்கிக் குண்டு பாறையில் பட்டுச் சிதறிப் பலரைக் காயப்படுத்தியது. மிரண்டுபோன ஒருவரை மறுநாள் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். கிளைவ் தானே குண்டுக்கு எதிரே போய் நின்று அவர்களை வெட்கப்படவைத்து நிறுத்தினார் என்கிறார் ஓர்ம்.

முடிவில் பிரெஞ்சுத் தளபதி சரணடைந்தார். தன் சொந்த உடைமைகளை எடுத்துப்போக அனுமதிக்கவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அது என்ன பொருள் என்று பார்த்தால் ஏராளமான வான்கோழிகளும் மூட்டை மூட்டையாக மூக்குப்பொடியும். அவர் அதில் வியாபாரம் செய்துவந்தார். கோட்டைக்குள் ஐம்பது பீரங்கிகள் கிடைத்தன. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர் இழந்தவை அவை. லா பூர்தொன்னே பிறந்த ஊர் பிரான்சின் வடமேற்குக் கரையில் உள்ள செயின்ட் மாலோ. கப்பலோட்டிகளின் ஊர் என்று பெயர் பெற்றது, மதிலுக்குள் அமைந்த துறைமுக நகரம், இன்றும் சுற்றுலாப் பயணிகள் கரை இறங்கிப் பார்க்கும் ஊர். அங்கே மதில் நிற்கிறது. இங்கே மதிலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுக் கிளைவ் செங்கல்பட்டுக்குப் போனார், அதையும் பிடித்தார்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைப்பது அந்த வான்கோழிகள்தான். ஒரு தளபதி, தாய்நாட்டிலிருந்து ஆறு மாதக் கடல் வழி தள்ளி, ஒரு மணல் கரையில் கோழி வளர்த்து, பொடி விற்றுப் பிழைத்திருக்கிறார். அவரோடு கணக்குப் பேசியவர்கள், தீனி கொடுத்தவர்கள், பொடியைச் சுமந்தவர்கள் எல்லாம் இந்த ஊர் ஆட்களாகத்தான் இருக்கவேண்டும். பிரெஞ்சுக் கோவளம் என்று ஒன்று இரண்டரை வருடம் இருந்தது என்றால் அது வெடிமருந்தால் மட்டும் ஓடியிருக்க முடியாது. ஆனாலும் அங்கிருந்து சாலைக்குத் திரும்பும் வரை கண்ணை ஓட்டிக்கொண்டே நடந்தேன், இவற்றில் ஒன்றையாவது சொல்லும் ஒரு கல்லோ பலகையோ என் கண்ணில் படவில்லை. மாமல்லபுரத்தில் ஒவ்வொரு பாறைக்கும் பலகை இருக்கிறது. பல்லவர் காலத்துக்குப் பிறகு இந்தக் கரையில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல நாம் நடந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

கார்மேல் மாதா கோயில் கடற்கரைக்குப் பக்கத்தில். 1808இல் கட்டியவர் ஜான் டி மான்டி, போர்த்துகீசிய வழியில் வந்த சென்னைப் பெருவணிகர். ஆழ்வார்பேட்டையில் டி மான்டி காலனி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அவர் பெயர்தான். அவருடைய கல்லறை இந்தக் கோயிலில் இருக்கிறது. சென்னையில் அத்தனை சொத்து வைத்திருந்தவர் உறங்குவதற்குக் கோவளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உள்ளே மின்விசிறி ஓடாமலே காற்று வந்தது. முதியவள் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து கும்பிட்டாள். ஜூலை 16 திருவிழா முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அங்கிருந்து தர்கா. ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி நபிகள் நாயகத்தின் தோழர்களில் ஒருவர் என்பதும், அவருடைய உடல் கடலில் மிதந்து வந்து இந்தக் கரையில் ஒதுங்கியது என்பதும் இங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. வியாழக்கிழமைகளில் எள் போட இடம் இருக்காது. அன்று கூட்டம் குறைவு. பட்டாணி, பேரீச்சை, சர்க்கரை விற்கும் கடைகளுக்கு நடுவே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. நெற்றியில் திருநீறு. குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையாம். ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள். கடல் கொண்டுவந்து சேர்த்தவர்களை இந்த ஊர் இப்படித்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏமாற்றி இறங்கியவர்கள் இரண்டரை வருடத்தில் போய்விட்டார்கள், நம்பிக்கையாக ஒதுங்கியவர் இன்னும் இருக்கிறார்.

மத்தியானம் அந்த அக்காவின் கடை. ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. காணாங்கெளுத்திக் குழம்பு, புளி தூக்கலாக, மேலே எண்ணெய் மிதந்தது. வறுத்த சங்கராவை வாழை இலையில் வைத்தார். “காலைல வேணாம்னீங்களே, அதே மீன்தான்” என்று சிரித்தார். அவருடைய மாமனார் கட்டுமரத்தில் போனவர், கணவர் ஃபைபர் படகு, மகன் சர்ஃபிங் சொல்லித்தருகிறானாம். “அவனும் கடலுக்குத்தான் போறான். வலை மட்டும் இல்ல” என்றார்.

அந்த மகன்களின் கதைதான் இன்றைய கோவளத்தை வெளியுலகுக்குத் தெரியவைத்தது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012இல் இங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அலைத் திருவிழா நடந்தது. ஊர்ப் பையன்கள் பலகையில் ஏறி நிற்கக் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து வெளிநாட்டு வீரர்கள் வியந்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வியப்பாக இல்லை. காலையில் அந்தப் பெரியவர் சொன்ன காற்று, இழுவை, மணல் மேடு மூன்றும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அளவிலான சர்ஃபிங் போட்டி நடக்கும் அளவுக்கு இந்தக் கரை வளர்ந்தது. பிரான்சின் மேற்குக் கரையில் ஒசகோர், பியாரிட்ஸ் பக்கம் சர்ஃபிங் ஒரு பெருந்தொழில். அங்கிருந்து வருகிறவர்களுக்குப் பலகை பிடித்துக்கொடுத்து, “இப்ப இல்ல, இப்ப இல்ல... இப்ப!” என்று அலை பார்த்துத் தள்ளிவிடுகிறவன் கோவளத்துப் பையன். மசூலா படகின் பின்னால் நின்ற தலைவர் செய்த அதே வேலை. கப்பல்காரனைக் கரை சேர்த்த அறிவு கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. எந்தக் கோட்டையும் இவ்வளவு காலம் நிற்கவில்லை.

அந்த அறிவு நின்றாலும் மசூலா படகு நிற்கவில்லை. சென்னையில் 1861இல் கடலுக்குள் இரும்புத் தூண்பாலம் கட்டினார்கள். 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயல் பாதிச் சுவரைத் தின்றது, மறுபடி கட்டினார்கள். கப்பல் கரையோடு ஒட்டி நிற்க முடிந்தபின் மசூலா படகுக்கு வேலை போயிற்று. புதுச்சேரியின் பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. கடற்கரைச் சாலையில் நிற்பவர்கள் தண்ணீருக்குள் துருப்பிடித்த அதன் கால்களைப் பார்த்திருப்பார்கள்.

பிற்பகலில் காற்று எழுந்தது. பெரியவர் சொன்னபடியே கடல் கலங்கிற்று. வடக்கே முகத்துவாரம் வரை நடந்தேன். முட்டுக்காட்டுக் காயல் கடலைத் தொடும் இடம். மணல் திட்டு வாயை அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் வெள்ளம் வெட்டித் திறக்கும். காயலுக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய், கேளம்பாக்கம் வரை உப்பளங்கள். பாத்திகளில் தேங்கிய நீர் சிவந்து தெரிந்தது. கோவளத்து உப்பு ஒரு காலத்தில் பேர் பெற்றது, உப்பும் மீனும் சேர்ந்தால் கருவாடு, அதைத் தலைச்சுமையாகத் திருப்போரூர்ச் சந்தை வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். இன்று உப்பளத்துக்கு அப்பால் கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன.

கரையின் ஒரு பகுதிக்கு 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, சுத்தமான மணல், உயிர்காப்பாளர்கள். நல்ல காரியம். நகரத்திலிருந்து வரும் ஒரு தாய் பயமில்லாமல் குழந்தையைத் தண்ணீரில் விடமுடிகிறது. ஆனால் அந்தக் கொடிக்கு வெளியே உள்ள மணலைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. படகை இழுத்துவிட, வலை காயவைக்க, கருவாடு பரப்ப, இன்ஜின் பிரித்துப் பார்க்க இடம் வேண்டும். ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு வேலியும் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. கடலும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. துறைமுகம் என்பது சிமென்ட் சுவர் மட்டும் என்று எண்ணிவிட்டால், இந்த மணலை வெறும் காலி இடம் என்று கணக்கெழுதத் தோன்றும். கோவளத்தின் துறைமுகம் எப்போதுமே இந்த மணல்தான். ஆஸ்டெண்ட்காரர்களுக்கும் இதுதான், நவாபுக்கும் இதுதான், வான்கோழி வளர்த்த தளபதிக்கும் இதுதான். அதைப் படகுக்காரர்களுக்கு விட்டுவைப்பதைவிட அந்த வரலாற்றுக்குச் செய்யும் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பெரியவரை மறுபடி பார்த்தேன். வலையில் கிழிந்த கண்களை முடிந்துகொண்டிருந்தார். முப்பது நோயாளிகள் கதையைச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் கேட்டிராத கதை.

“கூட்டியாந்தது நம்மாளுங்கதான்?”

“அப்படித்தாண்ணே இருக்கணும்.”

“கடல்ல ஒருத்தன் கையத் தூக்குனா போயி ஏத்திக்கிட்டு வரணும் சார். அவன் யாரு எவன்னு அப்புறம் கரையில பாத்துக்கலாம்.”

சென்னைத் துறைமுகத்தில் காலையில் கப்பல் கட்டினால், எட்டரை மணிக்கெல்லாம் கோவளத்தில் இருக்கமுடியும். ஏலத்தின் கடைசிப் பகுதியாவது கிடைக்கும். கோட்டை நிலம், டி மான்டியின் கோயில், தர்கா மூன்றையும் கால்நடையாக இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வழி காட்ட வெளியூர் ஆள் வேண்டாம், படகு கரையேறியபின் ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்தால் போதும், அலையைப் பற்றி அவர் சொல்வது எந்தக் கையேட்டிலும் இல்லை. அதற்குப் பிறகு மாமல்லபுரம் போகலாம். வங்கக் கடலில் வந்த மாலுமிகள் அந்தக் கோயில் கோபுரங்களைத்தான் அடையாளமாக வைத்துக் கரையைக் கண்டுகொண்டார்கள். ஏழு கோபுரம் என்று தங்கள் வரைபடத்தில் எழுதியும் வைத்தார்கள். அந்த அடையாளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் போகும் வழியில், அந்த மாலுமிகளைக் கரை சேர்த்தவர்களின் ஊரில் இறங்கிப் போகட்டும். சுற்றுலாத் துறைக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் நான் வைக்கும் கோரிக்கை இது. கோட்டை இருந்த இடத்தில் ஒரு கல் நடுவதும் அதில் சேர்த்தி. அந்தக் கல்லில் நவாபும் கிளைவும் இருக்கட்டும், கூடவே முப்பது பேரை அலை தாண்டி ஏற்றிவந்த கோவளத்துப் படகோட்டிகளுக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும்.